நாடி பிடித்த கை

கடாரத்துக் கப்பல்கள் நாகைப் பட்டினத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கே நல்லாதன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அறுபதை நெருங்கிய வயது. அவர் நாடி பிடித்து ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

கடற்கரை ஓரத்துச் சிறிய விகாரையில் சுமனை அடிகள் என்ற பிக்குணி இருந்தார். நல்லாதனுக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. ஆனாலும் அவரைத்தான் நல்லாதன் ஆசானாக ஏற்றிருந்தார். மனைவி இறந்தபின் எதிலும் மனம் நிற்காமல் அலைந்த ஒரு நாளில் அங்கே போய் உட்கார்ந்தார். அடிகள் அன்று எதையும் போதிக்கவில்லை. நல்லாதன் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நல்லாதன் விகாரைக்குப் போனார்.

ஒரு நாள், பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, உச்சி வெயிலில் வந்து நின்றார். தலையில் துண்டுகூட இல்லை.

அடிகள் அரசமர நிழலில் உட்கார்ந்து கிழிந்த துவராடையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அடிகளே, ஒருவர் சரியாக யோசிக்கிறாரா, இல்லை யோசிப்பதாக நினைத்துக்கொள்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

"யார் அந்த ஒருவர்?"

"நான்தான்."

அடிகள் ஊசியை நிறுத்தினார். "உட்காருங்கள்."

நல்லாதன் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். காலையில் அவருடைய தங்கை எயினி ஓடி வந்தாள். அவள் கணவன் தத்தன் சில வாரங்களாகவே படுக்கையில் இருக்கிறான். கண் மஞ்சளாகிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். அண்ணன் வந்து பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்து அழுதாள்.

தத்தன் துறைமுகத்தில் கப்பல் கயிறு விற்பவன். அவனோடு நல்லாதன் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தங்கை மட்டும் அண்ணன் வீட்டுக்கு வந்து போவாள். அண்ணன் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் தங்கை அழுதபிறகு போகாமல் இருக்க முடியுமா? போனார். உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து நாடி பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான் என்று சொன்னார். கள்ளை எப்போதோ விட்டுவிட்டேன் என்றான் தத்தன். குடிகாரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கடுமையான பேதி மருந்து ஒன்றை அரைத்து வைத்தார்.

"குடியால் வந்த நோய்க்கு அது நல்ல மருந்து. வேறு காரணமாக இருந்தால் இப்போது இருக்கிற உடம்புக்குத் தாங்காது. செத்துப்போவான்."

"குடியால் வந்தது இல்லை என்று சந்தேகமா?"

"சந்தேகமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

அடிகள் அவர் முகத்தைப் பார்த்தார்.

"குடிதான் காரணம் என்று சொன்னேன் இல்லையா," என்றார் நல்லாதன். குரல் இறங்கியிருந்தது. "சொன்னபோது எனக்கு இனித்தது. எத்தனையோ பேருக்கு நோயைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் இனித்ததில்லை."

அடிகள் துணியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"மனத்தை மறைக்கும் தடைகள் ஐந்து என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள்," என்றார் நல்லாதன். "ஆசை, வெறுப்பு, சோம்பல், பரபரப்பு, ஐயம். எல்லாம் மனப்பாடம். இருந்தும் இப்படி ஆகிவிட்டதே."

"மூலிகைகளின் பெயர்களும் உங்களுக்கு மனப்பாடம். பெயரைச் சொன்னால் காய்ச்சல் இறங்குமா?"

நல்லாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடிகள் பக்கத்திலிருந்த மண்குடத்தைச் சாய்த்தார். அன்று காலையில்தான் கிணற்றைத் தூர் வாரியிருந்தார்கள். குவளையில் விழுந்த நீர் கலங்கலாக இருந்தது. நல்லாதன் அதைப் பார்த்ததும், "தெரியும் அடிகளே. நீரை ஆடாமல் வைத்தால் மண் அடியில் தங்கும், மனமும் அப்படித்தான் என்று சொல்லப் போகிறீர்கள்," என்றார்.

"இல்லை. எனக்குத் தாகம்," என்று சொல்லி அடிகள் அந்த நீரைக் குடித்தார். இன்னொரு குவளை ஊற்றி அவரிடம் நீட்டினார். "நீங்களும் வெயிலில் வந்திருக்கிறீர்கள்."

நல்லாதன் வாங்கிக் குடித்தார். தம்மை அறியாமல் சிரிப்பு வந்தது.

அடிகள் மறுபடி துணியை எடுத்தார். நூல் கழன்றிருந்தது. ஊசியையும் நூலையும் அவரிடம் கொடுத்து, கோத்துத் தரும்படி கேட்டார். "கோத்துக்கொண்டே நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்."

"கர்வம் பிடித்தவன். வாயாடி. யாரையும் மதிக்க மாட்டான்."

"நான் நோயாளியைக் கேட்டேன்."

நல்லாதன் நூல் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டார். சொல்லத்தான் வேண்டும் என்று ஆனபின் பழைய கதையையும் சொன்னார். ஒரு மழை நாளில் தைலப் பானையோடு துறைமுகத்தில் நடந்தபோது தத்தனின் கயிற்றுக் குவியலில் கால் மாட்டி விழுந்தார். பானை உடைந்தது. எழ முயன்றபோது தைலத்தில் வழுக்கி மறுபடி விழுந்தார். கூடி நின்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். தத்தன்தான் முதலில் சிரித்தான். வழுக்கு வைத்தியர் என்று பெயரும் வைத்தான். அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. நாடி பார்க்க வருகிற கப்பல்காரர்கள்கூட, வழுக்கு வைத்தியர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதைச் சொல்லும்போது நூல் ஊசிக்காதின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. உள்ளே போகவில்லை.

"உங்கள் தங்கை சிறுவயதில் எப்படி இருந்தாள்?" என்று கேட்டார் அடிகள்.

நல்லாதனுக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் சொன்னார். எயினிக்குக் காய்ச்சல் வந்தால் கசாயம் குடிக்க மாட்டாள். அண்ணன் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். அவர் பாதியைக் குடித்து, முகம் சுளிக்காமல், தேன் மாதிரி இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். அவள் அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் கொஞ்சம் கலங்கினாலும் போச்சு. "கண்ணைச் சிமிட்டாமல் கசாயம் குடிக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்," என்று சொல்லிச் சிரித்தார். கையிலிருந்த ஊசியை அப்படியே அடிகளிடம் நீட்டினார். நூல் கோத்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அடிகளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தைக்கத் தொடங்கினார்.

"சரி, இந்தக் கோபத்தைப் போக்கிக்கொண்டு பிறகு போய் நாடி பார்க்கட்டுமா?"

"எப்போது போகும்?"

"தெரியாது. பல வருடமாக இருக்கிறது."

"நோயாளி அதுவரைக்கும் காத்திருப்பாரா?"

நல்லாதன் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்படியானால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார் அடிகள். "கூட வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்காரட்டும். பேசினால் பேசட்டும். நாடியை மட்டும் நீங்கள் பிடியுங்கள்."

"மருந்தைக் கொடுக்கலாமா, வேண்டாமா?"

"எனக்கு மருத்துவம் தெரியாது."

"அப்படியென்றால் நான் அங்கே போய் முதலில் என்னதான் செய்வது?"

"சாப்பிட்டீர்களா?"

"இல்லை. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை."

"அங்கே போய்ச் சாப்பிடுங்கள்."

நல்லாதன் நிமிர்ந்தார். "அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை அடிகளே."

"அதனால்தான் பசிக்கிறது," என்றார் சுமனை அடிகள்.

நல்லாதன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் கோபமும் கூடவே வந்தது. நீ போய் அவன் வீட்டில் சோறு கேட்கப் போகிறாயா என்று அது கேட்டது. ஆமாம், வா என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

எயினி வாசலிலேயே நின்றிருந்தாள். மருந்து எங்கே என்று அவள் கண்கள் அண்ணனின் கைகளைத் தேடின. கைகள் வெறுமையாக இருந்தன.

"எயினி, பசிக்கிறது. சோறு இருக்கிறதா?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. உலை வைத்திருக்கிறேன், இதோ ஆகிவிடும், அதுவரை உட்காருங்கள் அண்ணா என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

உள்ளறையிலிருந்து மெலிந்த குரல் கேட்டது.

"எயினி, யார் சாப்பிடப் போகிறார்கள்? மச்சானா?"

"ஆமாம்."

பிறகு தத்தன் சொன்னார்: "வெயிலில் வந்திருப்பார். முதலில் நீராகாரம் கொடு. என் செம்பிலேயே கொடு."

எயினி தயங்கினாள். அந்தச் செம்பு கடாரத்துக் கப்பலில் வந்தது. கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்தது. தத்தன் அதை மனைவியைக்கூடத் தொட விடமாட்டார். தாமே கழுவி, தாமே சோறு போட்டு நீரூற்றி மூடி வைப்பார். அதில் ஊறிப் புளித்த நீரை மறுநாள் பொழுதுக்கும் அவர் மட்டும்தான் குடிப்பார். படுக்கையில் விழுந்த பிறகும் செம்பைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். வாந்தி எடுத்தாலும் அந்த நீராகாரத்தை மட்டும் விடவில்லை. வேறு எதுவும் இறங்காதபோது இதுவாவது உள்ளே போகட்டும் என்று எயினியும் இருந்துவிட்டாள்.

செம்பு நல்லாதன் கைக்கு வந்தது. சாகக் கிடக்கும்போதும் தன் செம்பின் பெருமையைக் காட்டுகிறான் பார் என்றது கோபம். நல்லாதன் அந்தப் பேச்சைக் கேட்டார். வந்துவிட்டாயா, உட்கார் என்று மனத்துக்குள் சொன்னார். அது உட்கார்ந்தபிறகுதான் அவருக்கு இன்னொன்று தெரிந்தது. யாருக்கும் கொடுக்காத செம்பை இந்த மனிதர் தமக்குக் கொடுத்திருக்கிறார்.

அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். நல்ல புளிப்பு. அந்தப் புளிப்புக்குப் பின்னால் நாக்கின் ஓரத்தில் இன்னொரு சுவை வந்தது. கைப்பும் துவர்ப்புமாக, செம்புக் காசை வாயில் போட்டதுபோல.

நல்லாதன் அதை விழுங்கவில்லை. முற்றத்துக்குப் போய்த் துப்பினார். செம்பிலிருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். ஈயப் பூச்சு முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. புளிப்பு செம்பைத் தின்று, அடிவளைவில் பச்சையாக நச்சுக் களிம்பு படிந்திருந்தது.

எயினி பதறிப்போய் வந்தாள். நீராகாரம் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். அவர் அவளிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். இதில் வேறு யாராவது குடிப்பதுண்டா? இல்லை. எவ்வளவு காலமாக இப்படிக் குடிக்கிறார்? கள்ளை விட்டதிலிருந்து என்றாள் எயினி. கள்ளுக்காக நாக்கு ஏங்கும்போதெல்லாம் இந்தப் புளிப்பு நீரைக் குடித்துத்தான் சமாளித்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை குடிப்பார் என்று அவளுக்கே தெரியாது.

நல்லாதன் உள்ளே போனார். இம்முறை பாயை இழுத்துப் போட்டுத் தத்தன் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் பதிந்தவுடன் முதலில் பேசியது கோபம்தான். மழை நாள், தைலம், சிரிப்பு எல்லாவற்றையும் அது ஒரு முறை சொல்லி முடித்தது. அவர் காத்திருந்தார். அது ஓய்ந்தபின் நாடி பேசியது. காலையில் அவர் சொன்னதை அது சொல்லவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் நல்லாதன். அந்தச் சொல்லை அவர் சொல்லிக் கேட்டு எயினிக்கு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "கள்ளை விட்டது உண்மைதானா?"

"காலையிலும் அதைத்தானே சொன்னேன்."

"காலையில் எனக்குக் கேட்கவில்லை."

தத்தன் மஞ்சள் படிந்த கண்களால் அவரையே பார்த்தார். "காதுக்கும் மருந்து வைத்திருக்கிறீர்களா, மச்சான்?"

எயினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, இனி அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். நல்லாதனின் தோள்கள் குலுங்கின. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தத்தனும் சிரிக்கப் பார்த்தார். வயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

அன்று நல்லாதன் அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது. எயினி அழுதுகொண்டே சமைத்திருந்தாள். அவர் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போனதும் அரைத்து வைத்திருந்த பேதி மருந்தைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

செம்பு ஈயம் பூசப் பாத்திர வேலை செய்யும் கன்னாரிடம் போனது. தத்தனுக்குப் பாலும் இளநீரும் மென்மையான மருந்தும் போயின. மெல்ல மெல்ல வாந்தி நின்றது. வலி குறைந்தது. கண்ணின் மஞ்சள் வடிந்தது. நல்லாதன் தினமும் மருந்து கொடுக்க வந்தார். வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நோயாளி மெலிந்து கிடக்க வைத்தியர் பெருத்துப்போகிறாரே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மாலை வேளைகளில் தத்தன் அந்த மழை நாள் கதையை எடுத்து விடுவார். இரண்டாம் முறை விழுந்ததை அவர் சரியாகச் சொல்லவில்லை என்று நல்லாதன் திருத்துவார். எழுந்து நின்று விழுந்தும் காட்டுவார். எயினி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொள்வாள்.

பௌர்ணமி அன்று மூவரும் விகாரைக்குப் போனார்கள். தத்தன் புதிய தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விகாரைக் கிணற்றுக்குத் தம் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கட்டி முடித்து, ஒரு குடம் நீரையும் இறைத்துப் பார்த்துவிட்டு, அடிகளின் முன் வந்து உட்கார்ந்தார்.

"அடிகளே, என் மச்சான் பெரிய வைத்தியர். அவரே நோய் பிடிபடாமல் உங்களிடம் ஓடி வந்தாராமே. உங்களுக்கு மருத்துவம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் அவருக்கு என்ன சொல்லி அனுப்பினீர்கள்?"

"அவருக்குப் பசி. உங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னேன்."

தத்தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். எயினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

விடைபெறும் வேளை வந்தது. தத்தனும் எயினியும் முன்னே நடந்தார்கள். நல்லாதன் மட்டும் பின்தங்கி நின்றார். அவர் முகம் நிலவுபோல இருந்தது.

"முழுக்கக் குணமாகிவிட்டது அடிகளே. காலையில்கூட நாடி பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நாளையிலிருந்து கடைக்குப் போய்ப் பழையபடி கயிறு தூக்கலாம் என்று சொல்லிவிட்டேன்."

அடிகள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிணற்றடியிலிருந்து வரும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்," என்றார். "இப்போது படி இறங்கும்போதும் நிற்கிறார்."

நல்லாதன் திரும்பிப் பார்த்தார். தத்தன் நடுப்படியில் எயினியின் தோளில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் பக்கத்திலேயேதானே இருந்தேன். எப்படிப் பார்க்காமல் போனேன்?" என்றார் நல்லாதன். "இப்போது எனக்கு அவர்மேல் கோபம் துளிகூட இல்லையே அடிகளே."

"கோபம் இல்லைதான்," என்று சுமனை அடிகள் சிரித்தார். "இப்போது உங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது."